கை தூக்க மட்டும் பிரதிநிதி எதுக்கு?



கட்சியோட அகில இந்திய மாநாட்டுக்கு நம்ம பகுதிப் பிரமுகர் பிரதிநிதியாகப் போவார். வழியனுப்ப மாலை, திரும்பி வந்தால் வெடி. அங்கே நமக்காக என்ன பேசினார்? அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

1955 ஜனவரியில் நமக்குப் பக்கத்து ஆவடியிலேயே காங்கிரஸ் மகாசபை கூடியது. சோசலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். 1959-ல் நாக்பூர் மாநாட்டில் கூட்டுறவுக் கூட்டுப்பண்ணைத் தீர்மானம் வந்தது. பிரதமர் நேருவே அதற்கு ஆதரவு. ஆனாலும் உத்தரப்பிரதேசத்து சரண்சிங் எழுந்து நின்று, சொந்த நிலத்தில் பாடுபடும் சிறு விவசாயிக்காக எதிர்த்துப் பேசினார். தீர்மானம் என்னவோ நிறைவேறியது. ஆனால் நாட்டில் எங்கும் வேரூன்றவில்லை. எதிர்த்துப் பேசியவர் 1979-ல் பிரதமரே ஆனார். பிரதிநிதின்னா இப்படி இருக்கணும்!

நம்ம கதை என்ன? மீஞ்சூர் பக்கம் சென்னைக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். கடல்நீர் உள்ளே புகுந்தது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்து கிடக்கிறது. வள்ளூரில் 1500 மெகாவாட் அனல்மின் நிலையம். நிலக்கரி, பெரிய துறைமுகம் எல்லாம் டில்லி முடிவு பண்ணுற விஷயம். அப்போ டில்லித் தலைவர்கள் கூடுகிற மாநாட்டில்தானே இதைப் பேசணும்?

எந்தக் கட்சியானாலும் சரி, நாம் கேட்பது மூன்றுதான்:

போகும் முன் ஊரில் உட்கார்ந்து நம்ம குறையைக் கேளுங்க.

நம் தண்ணீருக்கும் நிலத்துக்கும் ஒரு திருத்தமாவது எழுதிக் கொடுங்க.

திரும்பி வந்து ஊர்க்கூட்டத்தில் கணக்குச் சொல்லுங்க.

சொல்லாதவருக்கு மாலை கிடையாது!