ஆக்சிலேட்டரில் யாருடைய கால்?

தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் சுமார் 20 கிலோமீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால் 20 நிமிடம், 80இல் போனால் 15 நிமிடம். மிச்சமாகும் 5 நிமிடத்தையும் கூடுவாஞ்சேரியில் ஒரு நெரிசல் விழுங்கிவிடும். ஆனால், 60இல் மோதுவதைவிட 80இல் மோதும்போது அடியின் வலு ஏறத்தாழ 1.8 மடங்கு. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஜி.எஸ்.டி. சாலையில் ஷிப்ட் பஸ் ஓட்டுகிறவருக்கு இந்தச் சூத்திரம் நினைவில் இல்லாமல் இருக்கலாம். அதன் விளைவை மற்ற எவரையும்விட அவர்தான் அதிகம் பார்த்திருக்கிறார். பிறகு ஏன் மிதிக்கிறார்?

விழிப்புணர்வு இல்லை என்பது வழக்கமான பதில். அதனால் ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம்: தொழிற்சாலை வாசலில் பேனர், டிரைவர்களை வரிசையில் நிறுத்தி உறுதிமொழி, ஒரு கண் பரிசோதனை முகாம். கண் பரிசோதனை உண்மையிலேயே உபயோகமானது, குறை சொல்ல மாட்டேன். ஆனால், உறுதிமொழி எடுத்த டிரைவர் மறுநாள் காலை கையில் வாங்கும் டிரிப் ஷீட்டில் எதுவும் மாறியிருப்பதில்லை.

அந்தத் தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஓஎம்ஆரில் ஒரு அலுவலகத்துக்கு ஆள் ஏற்றும் கேப் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிக்கப் சேலையூர், அடுத்தது ராஜகீழ்ப்பாக்கம், மூன்றாவது மேடவாக்கம், இறக்க வேண்டியது சோழிங்கநல்லூர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நேரம், கடைசியில் லாகின் நேரம். ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர் மாடியிலிருந்து இறங்க ஐந்து நிமிடம் தாமதித்தால், அந்த ஐந்து நிமிடத்துக்குத் தாளில் இடமே கிடையாது. தாமதமானால் டிரிப் பணத்தில் பிடித்தம் உண்டு. பத்திரமாக ஓட்டியதற்குத் தனியாக எதுவும் கிடையாது. மேடவாக்கம் நெருங்கும்போது டிரைவரின் போன் அடிக்கிறது: “எங்க வந்துட்டிருக்கீங்க?” கேட்பது கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் டெஸ்க். ஓட்டும்போது செல்போன் எடுக்கக் கூடாது என்று பேனர் வைத்ததும் அதே கம்பெனிதான்.

வேகத்தைத் தீர்மானிப்பது டிரைவரின் குணம் மட்டுமல்ல, அவர் கையில் கொடுக்கப்பட்ட நேரமும்தான். இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே இதைச் சொல்கிறது. அதிவேகத்துக்குத் தண்டனை சொல்லும் 183ஆவது பிரிவு, தன் ஊழியரை வரம்பு மீறி ஓட்ட வைப்பவரையும் குற்றவாளி என்கிறது. அதன் நான்காவது உட்பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு பயணத்தை இன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று யாராவது கால அட்டவணை வெளியிட்டாலோ உத்தரவிட்டாலோ, வேக வரம்பை மீறாமல் அது நடைமுறையில் இயலாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த அட்டவணையே அதை வெளியிட்டவருக்கு எதிரான முதல்நிலைச் சான்று. கோவை, ஈரோடு பக்கம் தனியார் பஸ்கள் ‘டைமிங்’குக்காக அடித்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த உட்பிரிவின் அருமை புரியும். பத்து நிமிடத்தில் மளிகை வரும் என்று விளம்பரம் செய்தவர்களையும் இந்தப் பிரிவை வைத்துக் கேள்வி கேட்டிருக்கலாம். அபராதம் சில ஆயிரம் ரூபாய்தான். இங்கே தொகை முக்கியமில்லை; குற்றத்தில் யார் பெயர் சேர்கிறது என்பதுதான் முக்கியம்.

அட்டவணை கெடுக்கும் இன்னொன்று தூக்கம். 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வந்தது. பிறகு மறைமலை நகர், மகிந்திரா சிட்டி, ஒரகடம், சிறுசேரி என்று தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பெருகப் பெருக, இந்தப் பகுதியின் சாலைகளுக்கு இரவு என்று ஒன்று இல்லாமல் போனது. நைட் ஷிப்டை இறக்கிவிட்ட வண்டியே ஃபர்ஸ்ட் ஷிப்டை ஏற்றுகிறது. வண்டிக்குக் களைப்பு இல்லை. ஆள் வரவில்லை என்றால் அதே டிரைவருக்கு ‘டபுள் டூட்டி’, அல்லது அவசரத்துக்கு ஓர் ‘ஆக்டிங் டிரைவர்’. அந்த ஆக்டிங் டிரைவர் முந்தைய இரவு எங்கே, எத்தனை மணி வரை ஓட்டினார் என்று கேட்பாரில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. நம் சட்டத்தின் வரம்பு 0.03. ஊதிப் பார்க்கும் கருவியோ தூக்கத்தைக் காட்டாது.

இதற்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று வகுத்தது. ஆனால், ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. டிராவல்ஸில் வண்டியை ‘அட்டாச்’ செய்து தானே ஓட்டும் ஓனர்-கம்-டிரைவர் யாருக்குத் தொழிலாளி? மாதத் தவணை கட்ட வேண்டியவருக்கு எட்டு மணி நேரக் கணக்கு சொன்னால் சிரிப்பார்.

டிரைவர்கள் எல்லாரும் அப்பாவிகள் என்று வாதாடவில்லை. வெறும் பந்தாவுக்காகக் கட் அடிக்கிறவர்கள் உண்டு. அவர்களை வேலையிலிருந்து நிறுத்துவதில் தயக்கமே கூடாது. பயணிகளும் லேசுப்பட்டவர்கள் அல்லர். வாடகை கேப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைத் தேடிப் பாருங்கள்: பல வண்டிகளில் அதன் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்திருக்கும். பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம். பயணி போடாவிட்டால் 194பி பிரிவின்படி ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டியவர் டிரைவர். “பெல்ட் போடுங்க மேடம்” என்று அவர் சொன்னால் புகார் போகும் என்கிற பயம் அவருக்கு.

2022இல் தமிழகத்தில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் இதே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால், அது அடிபட்ட பிறகு வருவது.

முதலாளிகளின் பொறுப்பை நீதிமன்றங்கள் விரித்துக்கொண்டே போகின்றன. அதிகாலை ஷிப்டுக்கு பைக்கில் போகும் வழியில் விபத்தில் இறந்த சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கில், வேலைக்குப் போகும் வழி விபத்தும், நேரமும் சூழலும் வேலையோடு தொடர்புடையதாக இருந்தால், பணியின்போது நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொந்த பைக், சொந்த ரிஸ்க் என்று சர்வீஸ் டெக்னீஷியன்களையும் விற்பனைப் பிரதிநிதிகளையும் அனுப்பிவைக்கும் நிறுவனங்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

அட்டவணையைத் தளர்த்தி, ஆள் வராமல் உற்பத்தி லைன் நின்றால் நஷ்டம் யார் தருவது என்று மேலாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால், ஷிப்ட் பஸ்கள் பெரும்பாலானவற்றில் ஜிபிஎஸ் இருக்கிறது. அதை வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் டிரைவரைத் திட்டவும்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு ரூட்டில் ஒரே ஒரு டிரைவர் மட்டும் வரம்பு மீறினால் கோளாறு அவரிடம். அந்த ரூட்டில் யார் ஓட்டினாலும் வண்டலூரைத் தாண்டியதும் முள் 80ஐத் தொட்டால் கோளாறு அட்டவணையில். இந்த வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு மாதப் பதிவு போதும். ஞாயிற்றுக்கிழமை காலியான சாலையில் அளந்த நேரத்தை வைத்து வெள்ளிக்கிழமை மாலை கிளாம்பாக்கத்தைக் கடக்கச் சொல்வது எப்பேர்ப்பட்ட அபத்தம் என்பதும் அப்போது தெரியும்.

விபத்து நடந்தால் போலீஸ் கேட்பது லைசென்ஸ், ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ், பிறகு ஊதச் சொல்கிறார்கள். கேட்காத தாள்கள் இரண்டு: அன்றைய டிரிப் ஷீட், டிரைவர் முந்தைய டூட்டியை எத்தனை மணிக்கு முடித்தார் என்ற பதிவு. சேலையூர் முதல் மறைமலை நகர் வரையிலான பகுதி 2022 ஜனவரியிலிருந்து தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் இருக்கிறது. நிறுவன வண்டி சம்பந்தப்பட்ட ஒவ்வொரு மரண வழக்கிலும் இந்த இரண்டையும் கைப்பற்ற வேண்டும் என்று ஆணையரகம் ஒரு சுற்றறிக்கை போடலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 183(4)இன்படி ஒரே ஒரு டிரான்ஸ்போர்ட் மேனேஜருக்கு சம்மன் போனால் போதும். அடுத்த வாரமே பல கம்பெனிகளின் டிரிப் ஷீட்டில் பத்து நிமிடம் கூடியிருக்கும்.