ஒரு 'தி' இல்லாததால்...

1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 242ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டுப் போரில் பிடித்த பிரதேசங்களிலிருந்து இஸ்ரேலியப் படைகள் வெளியேற வேண்டும் என்றது தீர்மானம். ஆங்கில வாசகத்தில் 'டெரிட்டரீஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் 'தி' இல்லை. எனவே எல்லாப் பிரதேசங்களையும் விட வேண்டியதில்லை என்று வாதிட்டது இஸ்ரேல். பிரெஞ்சு வாசகத்தைப் பாருங்கள், அதில் அந்தச் சந்தேகமே இல்லை என்றது அரபுத் தரப்பு. அரை நூற்றாண்டு கடந்தும் வாதம் ஓயவில்லை.

தமிழில் ஆர்ட்டிக்கிள் கிடையாது. 'கடைக்காரரைக் கேள்' என்றால் எந்தக் கடைக்காரர் என்பது பேச்சின் போக்கிலேயே புரிந்துவிடும். ஆங்கிலத்தில் அதையும் சொல்லியாக வேண்டும். கேட்பவருக்கும் தெரிந்த கடைக்காரர் என்றால் 'தி'. யாரோ ஒருவர் என்றால் 'ஏ'.

'ஏ'யா, 'ஆன்'னா என்பது அடுத்த குழப்பம். இதில் எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். 'யூனிவர்சிட்டி' என்பதை எழுதும்போது முதலில் வருவது 'யு' என்ற உயிரெழுத்து. ஆனால் வாயில் வருவது 'ய' என்ற மெய்யொலி. எனவே 'ஏ யூனிவர்சிட்டி'. எஃப்.ஐ.ஆர்., எம்.எல்.ஏ., எஸ்.பி. எல்லாம் 'எ' ஒலியில் தொடங்குவதால் 'ஆன்'. எஸ்.பி.யை 'சூப்பரின்டெண்டென்ட்' என்று விரித்து எழுதினால் மறுபடி 'ஏ'.

இதில் தவறினால் காதுக்கு உறுத்தும், அவ்வளவுதான். 'லிட்டில்' விஷயத்தில் தவறினால் வேலையே போகலாம். 'ஏ லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்' என்றால் கொஞ்சம் அனுபவம் உண்டு. விண்ணப்பத்தில் அந்த 'ஏ' விட்டுப்போனால் அனுபவம் இல்லை என்றே பொருள். 'ஃப்யூ', 'ஏ ஃப்யூ' கதையும் இதேதான்.

பிரிபொசிஷனில் தொல்லை வேறு விதம். தமிழின் ஓர் உருபுக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருக்கும். 'பத்து நாளைக்குள்' என்பதற்கு 'விதின்'. 'பத்தாம் தேதிக்குள்' என்பதற்கு 'பை'. இரண்டிலும் 'உள்' இருப்பதால் தேதிக்கும் 'விதின்' போடுகிறார்கள். 'ஐந்து வருடமாக' என்றால் 'ஃபார்'; '1995லிருந்து' என்றால் 'சின்ஸ்'. கால அளவுக்கு ஒன்று, தொடங்கிய புள்ளிக்கு இன்னொன்று. 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்பது தவறு.

'டிஸ்கஸ் அபவுட்' என்பதும் பரவலான பிழை. 'பட்ஜெட்டைப் பற்றி விவாதித்தார்கள்' என்பதிலுள்ள 'பற்றி'தான் 'அபவுட்' ஆகி ஒட்டிக்கொள்கிறது. 'டிஸ்கஸ் தி பட்ஜெட்' என்றாலே போதும். 'டிஸ்கஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின் மட்டும் 'அபவுட்' வரலாம். அதேபோல, 'அவரோடு கல்யாணம்' என்பதை நினைத்து 'மேரீட் வித்' என்கிறார்கள். சரியானது 'மேரீட் டு'.

இவற்றுக்கெல்லாம் ஒரே விதி தேடினால் கிடைக்காது. 'குட்' என்றால் 'அட்', 'இன்ட்ரஸ்டட்' என்றால் 'இன்' என்று சொல்லையும் அதன் துணையையும் சேர்த்தே கற்க வேண்டும், வாய்ப்பாடு போல.