எந்த அளவில் நஞ்சு?

குடிநீரில் ஃபுளோரைடு கலப்பது மக்களுக்கு மெல்ல மெல்ல விஷம் வைப்பதே என்ற நம்பிக்கை அமெரிக்காவில் இப்போது சட்டமன்றம் வரை ஏறிவிட்டது. 2025இல் யூட்டா மாநிலம் அதற்குத் தடை விதித்தது, ஃபுளோரிடா பின்தொடர்ந்தது. தடை கேட்பவர்கள் முதலில் நீட்டுவது, அந்நாட்டின் தேசிய நச்சியல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையை. ஃபுளோரைடு குழந்தைகளின் அறிவுத்திறனைக் குறைக்கிறது என்று அது சொல்லிவிட்டதாம். அது சொன்னதோ லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைப் பற்றி. அமெரிக்கக் குழாய்நீருக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவு 0.7. அந்த அளவைப் பற்றி முடிவுகட்டப் போதிய தரவு இல்லை என்கிறது அதே அறிக்கை. தரவு இல்லையென்றால் ஆபத்தில்லை என்று ஆகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாதுதான்; மேலும் ஆராயவேண்டும். ஆனால் ஆராயவேண்டியதை நஞ்சென்று தீர்ப்பெழுதுவது எந்த வகை எச்சரிக்கை?

நம்மவர்களுக்குத் தருமபுரி நினைவுக்கு வரும். அங்கே யாரும் ஃபுளோரைடைக் கொட்டவில்லை. பாறையிலிருந்து கரைந்து ஆழ்துளைக் கிணறுகளில் வரம்பு மீறிச் சேர்ந்தது. பல்லில் கறையும் எலும்பில் கேடும் வந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பிறந்தது. அந்தத் துயரம் மிகையளவுக்குச் சாட்சி, 0.7க்கு அல்ல. ஐரோப்பாவில் பல நாடுகள் நீரில் கலப்பதில்லை என்பதும் பெரிய வாதமில்லை. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் அதே ஃபுளோரைடு உப்பில் சேர்த்து விற்கப்படுகிறது.

பற்சொத்தையைத் தடுக்கும் பயன் குறைந்துவிட்டது என்ற வாதத்துக்கு மட்டும் வலு உண்டு. ஃபுளோரைடு பற்பசை பரவிய பிறகு நீரில் கலப்பதால் கிடைக்கும் கூடுதல் நன்மை முன்பைவிடச் சிறிது என்று 2024இல் காக்ரன் ஆய்வுத் தொகுப்பும் கூறியது. சிறிது என்றால் இல்லை என்றாகாது. கனடாவின் கால்கரி நகரம் 2011இல் நிறுத்தியது, எட்மன்டன் தொடர்ந்தது. ஏழெட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் சொத்தைப் பல் கண்டவர்கள் கால்கரியில் சுமார் 65 விழுக்காடு, எட்மன்டனில் 55. பல் மருத்துவருக்குப் பணம் கட்ட முடியாத வீடுகளில் அந்தப் பத்து விழுக்காட்டுக்கு என்ன பொருள் என்று சொல்லவேண்டியதில்லை.

என் சம்மதமில்லாமல் என் தண்ணீரில் எதையும் கலக்காதே என்பது நியாயமான கோரிக்கை. அதை உரிமைப் பிரச்சினையாகவே பேசலாமே, விஷக் கதை எதற்கு? கால்கரி தன் மக்களிடமே கேட்டது. 2021 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். 2025 ஜூன் இறுதியில் அந்நகரம் மீண்டும் ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கிவிட்டது.