காசுக்கு வயது இருந்தால் பைக்கும் வயது வந்துவிடுமா?



மூன்று நாளாக நம் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. ஒரு சுருக்குப் பை. பக்கத்தில் 1835ஆம் வருடத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி காலணா. "190 வருடப் பழமை, விலைக்கு உண்டு" என்று கீழே எழுதியிருக்கிறது. என்னிடம் படித்தவர்களே இதைப் பகிர்ந்திருக்கிறீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காசு பழையதுதான், மறுக்கவில்லை. அதற்காகப் பையும் பழையதா? தாத்தா மோதிரத்தைப் பேரன் போட்டுக்கொண்டால் பேரனுக்குத் தொண்ணூறு வயதாகிவிடுமா? 1957 ஏப்ரலில் நயா பைசா வந்த பிறகும் நம் பாட்டிகள் ஓட்டைக் காலணாவை ராசிக்காகப் பையில் வைத்திருந்தார்கள். பழைய காசை எந்தப் பையிலும் போடலாம், நேற்றுத் தைத்ததிலும் போடலாம்.

ஸ்காட்லாந்தில் ஆண்கள் கட்டும் கில்ட்டுக்குப் பை கிடையாது. அதனால் இடுப்பின் முன்னால் 'ஸ்போரன்' என்று ஒரு தோல் பை தொங்கும். நம் வேட்டிக்குப் பச்சை பெல்ட் மாதிரி. சில ஸ்போரன்களின் வாய்ப்பட்டை வெள்ளி. அதில் எடின்பரோ முத்திரை எழுத்து இருந்தால் அந்த வெள்ளிக்கு முத்திரை குத்திய வருடம் தெரிந்துவிடும். நம் பைக்கு முத்திரை ஏது? துணியும் தையலும்தான் சாட்சி.

திருவண்ணாமலை புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்த வியாபாரியையே பார்த்தேன். உள்தையலில் தொங்கிய நூலில் கொஞ்சம் கேட்டு வாங்கித் தீக்குச்சியில் காட்டினேன். உருகிக் கறுப்பு மணியாக உருண்டுகொண்டது. பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாகியிருக்கும். பாலியஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டதே 1941இல்! "பின்னாடி தச்சிருப்பாங்க சார்" என்றார். நாடா அறுந்தால் மாற்றுவார்கள், வாய்ப்பக்கம் கிழிந்தால் ஒட்டுப் போடுவார்கள். அறைகளைப் பிரிக்கும் உள்தையலை எந்தப் பாட்டியம்மா பிரித்துத் தைத்தார்? போதாததற்கு உள்ளே ஒரு சுண்ணாம்புத் தடம் இல்லை, வெற்றிலைக் கறை இல்லை, புகையிலை வாடை இல்லை.

1936இலேயே ராஜபாளையம் மில்ஸ் வந்த பூமி இது. தினமும் நூலில் கை வைக்கிறவர்கள் உங்களில் எத்தனை பேர்! உங்களுக்கே நூல் தெரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஏமாந்து வாங்குகிறவனைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. இதே ஆட்கள் வீடு வீடாக வந்து ஐம்பது ரூபாய்க்கு உண்மையான பைகளை வாரிக்கொண்டு போகிறார்கள். சோப்புப் போட்டுத் துவைத்து, காசு ஒன்றைச் செருகி, கதை கட்டிவிடுகிறார்கள். அதோடு அந்தக் கறையும் போச்சு, அது யார் இடுப்பில் இருந்தது என்கிற விவரமும் போச்சு.

உங்கள் வீட்டில் பை இருந்தால் துவைக்காதீர்கள். யார் வைத்திருந்தது, யார் தைத்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டு, ஒரு தாளில் எழுதி அதனுடனேயே வையுங்கள். அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்கள் இன்றைக்கே நீக்கிவிடுங்கள். நீக்காதவர்கள் பெயர் என்னிடம் இருக்கிறது.