ஒற்றை எஞ்சினா, இரட்டை எஞ்சினா?

விரைவுப் படகுக்கு ஓர் எஞ்சின் போதுமா, இரண்டு வேண்டுமா என்ற கேள்வியைச் செல்வந்தரின் பொழுதுபோக்கு என்று இலக்கிய அன்பர்கள் ஒதுக்கிவிடக்கூடும். அடையாற்றங்கரையில், நெசவுக்குப் பேர்போன அனகாபுத்தூரில் நின்று யோசித்தால் அது அத்தனை தொலைவில் உள்ள கேள்வி அன்று. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டது. அந்த உபரிநீர் திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் கலக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே அனகாபுத்தூர். அன்று சென்னைக்கும் அதன் புறநகருக்கும் ராணுவமும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் வந்தன. மீனவர்களும் தம் படகுகளோடு வந்தார்கள். கடலுக்கென்று கட்டிய படகு தெருவில் ஓடிற்று.

அடுத்த வெள்ளத்துக்கு நல்ல படகொன்றை ஊரிலேயே வாங்கி வைக்கவேண்டும் என்று பேசும்போதெல்லாம், ‘இரண்டு எஞ்சின் இருந்தால் ஒன்று நின்றாலும் மற்றொன்று காப்பாற்றும்’ என்ற வாதம் தானாகவே எழும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள நமக்குத் தயக்கம் உண்டு.

கணக்கைப் பார்ப்போம். ஓர் எஞ்சின் நூறு பயணத்தில் ஒருமுறை நிற்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு எஞ்சின் பூட்டினால், இரண்டும் ஒருசேர நிற்பது பத்தாயிரத்தில் ஒருமுறையாகக் குறைகிறது. ஆனால் ஏதேனும் ஒன்று நிற்பது நூற்றுக்கு ஏறக்குறைய இருமுறையாகக் கூடிவிடுகிறது. 1927 மே மாதம் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாகப் பறந்த லிண்ட்பெர்க் ஒற்றை எஞ்சின் விமானத்தைத் தேர்ந்ததன் பின்னால் இத்தகைய எண்ணமும் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, அதே பயணத்துக்கு மூன்று எஞ்சின்களோடு புறப்பட்ட ரெனே ஃபோங்க்கின் விமானம் பாரம் தாளாமல் ஓடுதளத்தின் முடிவிலேயே விழுந்து எரிந்தது, இருவர் மாண்டனர்.

மேலும், பத்தாயிரத்தில் ஒன்று என்ற கணக்கு, இரண்டு எஞ்சின்களும் ஒன்றையொன்று சாராதபோதுதான் செல்லும். ஒரே டாங்கியிலிருந்து இரண்டுக்கும் எரிபொருள் போனால், அதில் கலந்த மழைநீர் இரண்டையும் சேர்த்தே நிறுத்தும். வெள்ளநீரில் ஆகாயத்தாமரை, சேலை, கயிறு, பிளாஸ்டிக் பை எல்லாம் மிதந்து வரும்; நீருக்கடியில் சுற்றுச்சுவரும் மூழ்கிய காரும் காத்திருக்கும். இவை ஒரு புரொப்பெல்லரைப் பிடித்தால் பக்கத்தில் சுழலும் மற்றொன்றை விட்டுவைக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இரட்டை எஞ்சினின் பெருமையையும் மறைக்கக்கூடாது. ஒன்றை முன்னோக்கியும் மற்றொன்றைப் பின்னோக்கியும் இயக்கினால் படகு நின்ற இடத்திலேயே திரும்பும். இரு புரொப்பெல்லர்களையும் எதிரெதிர்த் திசையில் சுழலவிட்டால், ஒற்றை எஞ்சின் படகில் சுக்கானை ஒரு பக்கமாக இழுக்கும் விசை சமன்பட்டுவிடும். கரையிலிருந்து பல மைல் தொலைவில் எஞ்சின் நின்றால் படகு அலைக்குப் பக்கவாட்டைக் காட்டிக் கவிழக்கூடும். ஆகவே ஆழ்கடலுக்குப் போகும் விரைவுப் படகுக்கும் காவல் படகுக்கும் இரண்டு எஞ்சின் வேண்டும் என்பதே நம் கட்சியும். அங்கும் தனித்தனி டாங்கி, தனித்தனி வடிகட்டி, தனித்தனி பேட்டரி இருந்தால்தான் அது மெய்யான பாதுகாப்பு. அப்போதும், ஒன்று நின்றபின் மற்றொன்றால் படகைப் பழைய வேகத்துக்கு நீர்மேல் எழுப்ப முடியாமல் போவதே பெரும்பாலும் நடப்பது. மெல்லக் கரை சேரலாம்; விரைவை எதிர்பார்க்கலாகாது.

அனகாபுத்தூரின் தெருக்கள் கடல் அல்ல. இங்கே வேண்டியது வேகம் அன்று. ஆழங்குறைந்த நீரில் போவது, பாரம் ஏற்றுவது, எளிதில் தூக்கிச் செல்வது. 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் சுமார் 40 கிலோ எடை. இரண்டு ஆள் தூக்கிவிடலாம். தண்ணீர் வற்றிய இடத்தில் அதை மேலே சாய்த்துவிட்டுக் கழியால் தள்ளிப் போகலாம். இன்னொரு எஞ்சினைப் பூட்டினால் பின்பக்கம் தாழும். ஒரு முதியவருக்கோ ஒரு குழந்தைக்கோ உரிய இடத்தை எஞ்சினும் எரிபொருளும் பிடித்துக்கொள்ளும். நீரில் தத்தளிப்பவர் அருகே சுழலும் கத்தி ஒன்றுக்கு இரண்டாகும் என்பதையும் மறந்துவிடலாகாது.

ஆகவே நாம் சொல்வது இது. இரண்டு எஞ்சினுக்குப் பணம் இருந்தால் அவற்றை ஒரே படகில் பூட்டாமல் இரண்டு படகுகளில் பூட்டுங்கள். ஒன்று பழுதானால் மற்றொன்று கட்டி இழுத்து வரும். பழுதில்லாத நேரத்தில் இரண்டு தெருக்களுக்கு ஒரே சமயத்தில் உதவி போகும். இரண்டும் ஒரே வகை எஞ்சினாக இருந்தால் ஒன்றின் உதிரிப் பாகம் மற்றொன்றுக்கு உதவும். ஒவ்வொரு படகிலும் துடுப்பு, நீண்ட கழி, கயிறு, மாற்றுப் புரொப்பெல்லர், புரொப்பெல்லரில் சிக்கியதை அறுக்க ஒரு கத்தி ஆகியவை இருக்கட்டும். துடுப்புதான் எந்நாளும் பழுதாகாத இரண்டாவது எஞ்சின்.

இவற்றுக்கெல்லாம் மேலான ஒன்று உண்டு. ஆண்டெல்லாம் தார்ப்பாயின் கீழ் உறங்கும் எஞ்சின், ஒன்றானாலும் இரண்டானாலும், டிசம்பர் இரவில் கயிற்றை இழுத்தவுடன் கிளம்பிவிடாது. தேங்கிய எரிபொருள் கெட்டு கார்புரேட்டரை அடைத்திருக்கும். மாதம் ஒருமுறை இயக்கிப் பார்க்கும் கைகளும், ஆற்றின் சுழிப்பையும் தெருவின் மேடுபள்ளத்தையும் அறிந்த உள்ளூர் இளைஞர் நால்வரும் இல்லாத ஊருக்கு எத்தனை எஞ்சின் வாங்கிக் கொடுத்தும் பயனில்லை. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்துவிட்ட அனகாபுத்தூருக்கு முன்பைவிடப் பெரிய நிர்வாகம் வாய்த்திருக்கிறது. அது எஞ்சின்களின் எண்ணிக்கையை யோசிப்பதற்கு முன் அந்த நால்வரைத் தேடிப் பயிற்றுவிக்க வேண்டும்.