சான்றிதழும் சான்றாண்மையும்

கற்றோர் பெருகிவரும் காலம் இது. கற்றதற்குச் சான்று காட்டுக என்று கேட்கும் காலமும் இதுவே. பட்டம், பட்டயம், பயிற்சிச் சான்று எனத் தாள்கள் பெருகப் பெருக, அத்தாள்கள் எதற்குச் சான்று பகர்கின்றன என்னும் வினாவும் வலுப்பெறுகின்றது. அவ்வினாவைக் கணினித் துறையின் ஒரு கூற்றில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்த்துறை மலரில் மென்பொருளைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் வினவலாம். நம்மிடம் பகுதி ஒன்றில் தமிழ் பயின்ற மாணவர் பலர் இன்று அத்துறையிலேயே வாழ்வு தேடுகின்றனர். ஆதலின் அவர்தம் நலம் பற்றிய பேச்சு நமக்கும் உரியதே.

சில திங்களுக்கு முன்னர் அத்தகைய முன்னாள் மாணவர் ஒருவர் நம்மைக் காண வந்தார். மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றுபவர். ‘ஸ்க்ரம் மாஸ்டர்’ என்னும் சான்றிதழ் பெற்றிருப்பதாகக் கூறி மகிழ்ந்தார். இரண்டு நாள் வகுப்பு, ஒரு மணி நேரத் தேர்வு. கட்டணத்திற்காக உம்மாவின் வளையலை அடகு வைத்ததையும் மறைக்காமல் சொன்னார். “இதனால் உம் பணியில் என்ன மாற்றம் நேர்ந்தது?” என வினவினோம். சற்றே எண்ணிப் பார்த்து, “இன்னும் ஒன்றும் தெரியவில்லை, ஐயா. விண்ணப்பத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது” என்றார். அவ்விடையில் இருந்த உண்மையே நம்மை இதனை எழுதத் தூண்டிற்று.

முறை பிறந்த வரலாறு

முன்னாளில் மென்பொருள் ஆக்கம் கட்டடம் எழுப்புவது போன்றதெனக் கருதப்பட்டது. தேவைகளை முழுவதும் எழுதி முடித்தல், பின்னர் வடிவமைத்தல், அதன்பின் நிரல் எழுதுதல், இறுதியில் சோதித்தல் என ஒரு படி முடிந்தபின் மறுபடி என்பது அதன் ஒழுங்கு. அருவிநீர் மேலிருந்து கீழே விழுந்தால் மீண்டும் மேலேறாதவாறு போல, முடிந்த படிக்குத் திரும்புதல் இதில் அரிது. இம்முறைக்கு மூலமெனப் பலரும் சுட்டுவது வின்ஸ்டன் ராய்ஸ் என்பார் 1970இல் எழுதிய கட்டுரையாகும். வியப்பு யாதெனின், ஒரே போக்கில் செய்து முடிக்கும் முறை இடர் மிக்கது என்று அக்கட்டுரையே எச்சரித்திருந்தது. எச்சரிக்கையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டது உலகம்.

இதற்கு மாற்றுத் தேடியோர் பலர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சினோபேர்டு என்னும் பனிமலை விடுதியில் 17 வல்லுநர் கூடினர். அவர்கள் வெளியிட்ட சுருக்கமான அறிக்கையே ‘அஜைல்’ என்னும் இயக்கத்திற்கு அடித்தளம் ஆயிற்று. விரைந்து வளைந்து கொடுக்கும் ஆக்கமுறை என இதனை விளக்கலாம். அவ்வறிக்கை நான்கு விழுமியங்களை முன்வைத்தது. அவற்றுள் முதலாவது, நடைமுறைகளையும் கருவிகளையும் விட மனிதரும் அவர்தம் கலந்துறவாடலுமே உயர்ந்தவை என்பது. மற்றொன்று, விரிவான ஆவணத்தை விட இயங்கும் மென்பொருளே மேலானது என்பது. உடன் வெளியான 12 கோட்பாடுகளும் இவற்றையே விரித்துரைத்தன. அறிக்கையிலோ கோட்பாடுகளிலோ சான்றிதழ் என்னும் பேச்சே இல்லை. ‘ஸ்க்ரம் மாஸ்டர்’ என்னும் பதவியும் இல்லை. தம்மைத் தாமே நெறிப்படுத்திக்கொள்ளும் குழுவைத்தான் அவை போற்றின.

பதவிகளும் தாள்களும்

அவ்வாறாயின் பதவிகள் எங்கிருந்து வந்தன? 1986இல் தக்கேயுச்சி, நொனாக்கா என்னும் சப்பானிய அறிஞர் இருவர், புதுப்பொருள் ஆக்கும் குழுக்களை ரக்பி விளையாட்டுக் குழுவோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினர். ஒருவர் ஓடி முடித்து அடுத்தவரிடம் கோலைத் தருவது போன்றதன்று புத்தாக்கம்; குழு முழுதும் பந்தைக் கைமாற்றிக்கொண்டு ஒன்றாய் முன்னேறுவது என்பது அவர்தம் கருத்து. ‘ஸ்க்ரம்’ என்னும் பெயர் அவ்விளையாட்டிலிருந்து வந்ததே. ஜெஃப் சதர்லாந்து 1993இல் இதனை மென்பொருட் பணியில் கையாண்டார். அவரும் கென் ஷ்வேபரும் 1995இல் ஒரு மாநாட்டில் இம்முறையை உலகறியச் செய்தனர்.

இம்முறையில் மூவகைப் பொறுப்பினர் உளர். ஆக்கப்படும் பொருளின் பயனை முடிவு செய்பவர் ‘ப்ராடக்ட் ஓனர்’. அதனை ஆக்குபவர் ‘டெவலப்பர்’. குழு முறையைச் செவ்வனே கைக்கொள்ளத் துணை நிற்பவர் ‘ஸ்க்ரம் மாஸ்டர்’. இம்முறைக்கு ஆதாரமான ‘ஸ்க்ரம் கைடு’ என்னும் சிறுநூல் 2020இல் திருத்தப்பட்டபோது, ‘பங்கு’ எனப் பொருள்படும் சொல்லை நீக்கிப் ‘பொறுப்புடைமை’ எனப் பொருள்படும் சொல்லை இட்டனர். இவை நாற்காலிகள் அல்ல, தோளில் ஏற்கும் சுமைகள் என்பது இதனால் பெறப்படும். ஆயினும் வேலைவாய்ப்பு விளம்பரங்களில் இன்றும் நாற்காலிகளே நிற்கின்றன.

பதவி பிறந்தபின் சான்றிதழ் பிறப்பது இயல்பு. பரவலாக வழங்கும் ஒரு சான்றிதழைப் பெற இரண்டு நாள் அளவிலான வகுப்பில் அமர்தல் வேண்டும். பின்னர் 50 வினாக்கள். அவற்றுள் 37க்குச் சரியான விடை எழுதினால் தேர்ச்சி. இரண்டாண்டுக்கு ஒருமுறை கட்டணம் செலுத்திப் புதுப்பித்தலும் வேண்டும். ஷ்வேபர் 2009இல் தாம் சார்ந்திருந்த அமைப்பினின்று விலகி வேறோர் அமைப்பைத் தொடங்கினார். அதன் தொடக்கநிலைத் தேர்வுக்கு வகுப்பில் அமர்தல் கட்டாயமன்று. 80 வினாக்களுக்கு ஒரு மணி நேரத்தில் விடையளித்து நூற்றுக்கு 85 பெறுதல் வேண்டும். சான்றிதழ் காலாவதி ஆவதுமில்லை. இரண்டாவது முறை கடினமானது என்பதில் ஐயமில்லை. எனினும் இரண்டும் அளப்பது நூலறிவையே. சினங்கொண்ட வாடிக்கையாளரின் குறையைப் பொறுமையுடன் கேட்கும் திறனையும், பிழை தன்னுடையதென ஒப்பும் நேர்மையையும், முடியாததை முடியாது என மேலதிகாரியிடம் உரைக்கும் துணிவையும் எவ்வினாத்தாள் அளக்கும்?

இக்குறையை வெளியார் மட்டுமே சுட்டவில்லை. 2001 அறிக்கையில் கையொப்பமிட்ட பதினெழுவருள் ஒருவரான டேவ் தாமஸ், ‘அஜைல்’ என்னும் சொல் வணிகப் பெயராய்த் தேய்ந்துவிட்டது என்னும் கருத்துப்பட 2014இல் எழுதினார். மற்றொருவரான ரான் ஜெஃப்ரீஸ், அப்பெயரால் திணிக்கப்படும் முறைகளினின்று நிரலாளர் விலகி நிற்றல் நலம் என 2018இல் எழுதினார். வித்திட்டவர்களே வயலைக் கண்டு வருந்துவராயின், விளைச்சலில் எங்கோ களை மிகுந்துவிட்டது என்றுதானே பொருள்?

எதிர்வழக்கும் அதன் விடையும்

சான்றிதழுக்கு ஆதரவாய்ச் சொல்லத்தக்கனவும் உண்டு. அவற்றை மறைத்தல் நேர்மையாகாது. வெவ்வேறு ஊரார் கூடிப் பணியாற்றுமிடத்துப் பொதுவான சொல்லாட்சி வேண்டும். அதனை வகுப்பு தருகின்றது. அதனினும் முதன்மையானது மற்றொன்று. பெருநகரில் உறவோ பரிந்துரையோ இல்லாத சிற்றூர் மாணவனுக்கும் மாணவிக்கும், “இவர் இன்னார்” எனச் சொல்ல ஒரு தாளேனும் இருத்தல் துணையன்றோ? ஆயிரம் விண்ணப்பங்களைச் சில நாழிகையில் வடிகட்டும் நிறுவனம் வேறு எதனைப் பார்க்கும் எனக் கேட்போர் உளர். இவ்வாதம் வலியுடையதே. நாமும் இதனை எளிதில் தள்ளிவிட மாட்டோம்.

எனினும் ஒன்றை நோக்குதல் வேண்டும். எளியோர்க்கென்று திறந்த வாயில் என இதனைப் புகழ்கின்றோம். அவ்வாயிலில் நுழையவோ வளையலை அடகு வைக்க வேண்டியுள்ளது. மேலும், இரண்டு நாளில் எவரும் பெறத்தக்க தாள் எல்லார் கையிலும் வந்தபின் எவரையும் வேறுபடுத்திக் காட்டாது. அப்போது நிறுவனங்கள் அடுத்த தாளைக் கேட்கும். அதற்கும் கட்டணம் உண்டு. ஏணி நீள்கின்றதேயன்றி மாடி நெருங்கி வரவில்லை.

பதவிப் பெயரை மட்டும் நம்புவதன் இடரை அண்மை நிகழ்ச்சி ஒன்று உணர்த்தும். அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி 2023 சனவரியில் ‘அஜைல்’ சார்ந்த தனிப் பணிப்பிரிவையே நீக்கியது. அதனால் 1,100க்கும் மேற்பட்ட பணியிடங்கள் மறைந்தன. அப்பணியைப் பொறியாளர்களே தம் பணியோடு சேர்த்துச் செய்வர் என்பது அவ்வங்கி கூறிய காரணம். இழந்தோர் அனைவரும் திறமற்றவர் என நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுதல் கொடுமை. ஆனால் கூட்டம் கூட்டுதலும் அட்டவணை நிரப்புதலுமே ஒரு பதவியின் உள்ளீடு எனப் பிறர் கருதத் தொடங்கினால், அப்பதவியே முதலில் வெட்டுப்படும் என்பது இதனால் விளங்கும்.

மறுபுறம், நன்மை விளைந்த இடத்தில் எது விளைவித்தது எனவும் காண்போம். அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., வழக்குக் கோப்புகளைக் கணினியில் ஏற்ற முயன்று, ஏறத்தாழ 170 மில்லியன் டாலர் செலவான திட்டமொன்றை 2005இல் கைவிட்டது. 2006இல் ‘சென்டினல்’ என்னும் புதுத் திட்டம் தொடங்கிற்று. அதுவும் காலத்தாழ்ச்சியுற்றது. 2010இல் அவ்வமைப்பு பொறுப்பைத் தானே நேரில் ஏற்றுப் பணியாளர் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்து, சிறு சிறு பகுதிகளாய் ஆக்கிச் சோதித்துக் காட்டும் முறைக்கு மாறியது. அதன்பின்னும் தாழ்ச்சி நேர்ந்ததுண்டு. எனினும் 2012 சூலையில் அமைப்பு பயன்பாட்டுக்கு வந்தது. சிறுகச் செய்து, உடனே காட்டி, குறை கேட்டுத் திருத்தும் ஒழுக்கமே இங்குப் பெரும் மாற்றமாய் அமைந்தது.

நம் மரபு காட்டும் அளவுகோல்

தமிழ் மரபு இவ்வினாவை அறியாததன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் என்னும் புலவர் முன்னர் அரங்கேறியது எனப் பனம்பாரனார் இயற்றிய சிறப்புப்பாயிரம் கூறுகின்றது. அங்கு நிகழ்ந்தது யாது? ஆசிரியர் எத்தனை நாள் எவ்வகுப்பில் அமர்ந்தார் என எவரும் வினவவில்லை. நூலே அவைமுன் வைக்கப்பெற்றது. அதன் குற்றங்குறைகள் ஆராயப்பெற்றன. வினாக்களுக்கு ஆக்கியோனே விடை கூறினான். அரங்கேற்றம் என்பது ஆக்கத்திற்குக் கிடைத்த சான்று. இயங்கும் மென்பொருளைப் பயன்படுத்துவோர் முன்வைத்துக் குறை கேட்கும் முறையும் அரங்கேற்றமே அன்றோ? சான்று, சான்றோர், சான்றாண்மை என்னும் சொற்கள் ஒலியால் நெருங்கி நிற்கின்றன. தாளாகிய சான்று சான்றாண்மையைச் சுட்டும் வரைதான் அதற்கு மதிப்பு.

நம் கடமை

பிறரைக் குறைகூறி அமைதல் எளிது. சான்றிதழ் வழங்குவோர் வரிசையில் ஆசிரியராகிய நாமும் நிற்கின்றோம். இறுதியாண்டுத் திட்டப்பணியைக் கடையில் விலைக்கு வாங்கி, அட்டை கட்டிக் கொணரும் வழக்கம் கல்லூரிகள் பலவற்றில் உண்டு. ‘இம்மாணவரின் சொந்தப் படைப்பு’ என்னும் வரியின் கீழ்க் கையொப்பமிடும் முன் எத்தனை முறை நாம் நின்று எண்ணியுள்ளோம்? நாம் இடும் பொய்ச்சான்றே வெளியே விலைக்கு விற்கும் சான்றுக்குச் சந்தையை உண்டாக்குகின்றது. ஆதலின் திருத்தம் நம் மேசையில் தொடங்குதல் வேண்டும். தடித்த ஏட்டை மட்டும் பாராமல், இயங்கும் ஆக்கத்தைக் கண்ணாற் கண்டு, “இவ்வரியை ஏன் எழுதினாய்?” என வினவி மதிப்பிடுவோம்.

மாணவச் செல்வங்களே! சான்றிதழ் பெறாதீர் என்று நாம் சொல்லவில்லை. பெறும் முன்னர் ஒன்றைச் செய்து பாருங்கள். உங்கள் தெருவில் மளிகைக் கடை இருக்கும். பள்ளி நூலகம் இருக்கும். அவர்களுக்கு உதவும் சிறு நிரல் ஒன்றை எழுதுங்கள். இரு வாரத்தில் காட்டுங்கள். அவர் முகம் சுளித்தால் காரணம் கேட்டுத் திருத்துங்கள், மறுபடி காட்டுங்கள். அக்கடைக்காரரின் “இப்போது சரி, தம்பி” என்னும் சொல் உங்களுக்குக் கிடைக்கும் முதற் சான்று. நேர்காணலில் அதனை விளக்கிச் சொல்லும்போது உங்கள் குரலில் தானாகவே உறுதி பிறக்கும்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பிள்ளைகளின் பயிற்சிக் கட்டணத்திற்கு மனமுவந்து உதவுகின்றீர்கள். அவ்வுதவியின் ஒரு பகுதியை, மாலை வேளைகளில் எவரும் வந்து அமர்ந்து ஆக்கிப் பார்க்கத்தக்க கணினிக்கூடத்திற்கும் நல்குவீர்களாக. ஒருவருக்குப் பெற்றுத் தரும் தாள் அவரோடு முடியும். கூடமோ ஆண்டுதோறும் பலருக்குப் பயன்படும். பணியில் உயர்ந்துவிட்ட முன்னாள் மாணவர்களே! நீங்கள் நேர்காணல் நடத்தும்போது, “என்ன சான்றிதழ் உண்டு?” என்பதற்கு முன்னர், “எதனை ஆக்கினாய்? யாருக்குப் பயன்பட்டது?” எனக் கேளுங்கள். அவ்வொரு வினா மாறினால் பல வீடுகளில் வளையல் அடகுக்குப் போகாது.

நம்மைக் காண வந்த அம்மாணவர் விடைபெறும்போது, மீண்டும் வருவதாகக் கூறிச் சென்றார். அவர் வரும் நாளில் சான்றிதழைப் பற்றி நாம் கேட்கமாட்டோம். தம் குழுவோடு சேர்ந்து செய்த ஒன்றைக் காட்டச் சொல்வோம். காட்டுவார் என்னும் நம்பிக்கை நமக்கு உண்டு.