தலைவரில்லாத 21 நாட்கள்

தலைமையற்ற குழுவே முழு ஜனநாயகம் உடையது என்னும் கருத்து ஆய்வாளர் வட்டத்தில் மீண்டும் மீண்டும் எழுகிறது. அதற்குச் சான்றாகக் கோலார் தங்கவயலின் 1930ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தைச் சுட்டுவோரும் உண்டு. அவ்வாசிப்பில் எனக்கு உடன்பாடில்லை.

தொழிலாளரின் கைரேகையைப் பெற்றுப் பதிவு செய்யும் முறையை நிர்வாகம் புகுத்த முற்பட்டதே அப்போராட்டத்தின் தொடக்கம். 21 நாட்கள் வேலை நின்றது. தொழிற்சங்கம் இல்லை. தலைவர் எவர் என்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. முன்வந்தால் வேலையோடு கம்பெனி லைன் வீடும் போய்விடும். தலைமையின்மை அவர்களுக்குக் கவசமாக இருந்தது; அதைக் கொள்கையாக்கியவர்கள் பின்னால் வந்த நாம்.

அமைப்பும் இல்லாமலில்லை. அயோத்திதாசர் காலத்திலேயே மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கக் கிளை இயங்கியது. 'தமிழன்' இதழை 1926இல் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் மீண்டும் வெளிக்கொணர்ந்தார். கூட்டம் கூட்டவும் முறைப்படி வாதிடவும் பழகிய மக்கள் அவர்கள். போதாக்குறைக்கு, வட ஆற்காட்டிலிருந்து உறவோடும் ஊரோடும் வந்து குடியேறிய லைன்கள். மேஸ்திரியின் கீழ் அமைந்த வேலைக்குழுக்கள். இதை அமைப்பின்மை என்பது, மண்ணுக்குள் இருப்பதால் வீட்டுக்கு அடித்தளமே இல்லை என்பது போன்றது.

அமெரிக்கப் பெண்ணியக் குழுக்களைப் பற்றி 1970களின் தொடக்கத்தில் ஜோ ஃப்ரீமன் எழுதியது இங்கே பொருந்தும்: அமைப்பு இல்லை என்னும் குழுவையும் ஒரு சிறு வட்டம் ஆளவே செய்கிறது, அதற்குப் பெயர் இல்லாததால் அதனிடம் கணக்குக் கேட்க இயலாது. மேஸ்திரியின் விருப்பமும் சாதிப் பெரியவரின் விருப்பமும் 'மக்கள் முடிவு' என்ற பெயரில் ஒலித்திருந்தால், அதை எவ்வாறு பிரித்தறிவது? சுரங்கத்தின் மேற்பரப்பில் வேலை செய்த பெண்களின் கருத்தைக் கேட்டவர் யார்?

வெளிப்படையான அமைப்புக்கு விலை உண்டு என்பதையும் மறுக்கவில்லை. 1940களில் சங்கங்கள் சட்ட ஏற்புப் பெற்றபோது கே.எஸ்.வாசன், வி.எம்.கோவிந்தன் போன்றோர் யாவரும் அறிந்த தலைவர்களாயினர். அதனாலேயே எளிய இலக்காகவும் ஆயினர். 1946 நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர் மாண்டனர். ஆயினும் பெயர் தெரிந்த தலைவரைத்தான் தொழிலாளி வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க முடியும்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் இன்று கைபேசிக் குழுக்களில் கூடுகின்றன. நான் உறுப்பினராக உள்ள ஒன்றில், லைன் வீடுகளின் உரிமை குறித்து மனு அனுப்பப்பட்டதாக அண்மையில் செய்தி வந்தது. எழுதியவர் யார் என்று முதியவர் ஒருவர் கேட்டார். "எல்லாரும் சேர்ந்துதான் ஐயா" என்று பதில் வந்தது. மனுவின் படியை இதுவரை எங்களில் எவரும் பார்க்கவில்லை.